திரையில் சூரன், மடியில் குழந்தை

போன கார்த்திகை தீபத்தன்று எங்கள் அடுக்ககத்தில் ஆறு மணி மூன்று முறை வந்தது. முதலில் கீழ்வீட்டில். அங்கே டிஷ் இணைப்பு. "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று அவர்கள் வீட்டில் குரல் எழும்பியபோது, இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் திரையில் அர்த்தநாரீசுவரர் இன்னும் கொடிமரத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டில் கைப்பேசியில் பார்த்தவர்களுக்கு எங்களுக்கும் பிறகுதான். நாலு வயது மகள் கையில் எண்ணெய் ஊற்றித் திரி போட்ட அகல். திரையில் மலை உச்சியில் நெருப்பு தெரிந்த பிறகுதான் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு. அவள் தரையைக் காட்டிக் கேட்டாள்: "ஆச்சி, கீழ்வீட்டுக்குச் சாமி வந்தாச்சாம். நம்ம வீட்டுக்கு ஏன் இன்னும் வரலை?"

என் அம்மா யோசிக்கவே இல்லை. "நமக்கு வர்றப்பத்தாம்ட்டி நமக்கு. கைய ஆட்டாத, எண்ணெய் சிந்தும்."

தாமதத்துக்குக் காரணம் சாதாரணமானது. செயற்கைக்கோள் வழி வரும் ஒளிபரப்பு சுமார் 36,000 கிலோமீட்டர் உயரம் ஏறி இறங்கினாலும் சட்டென்று வந்துவிடும். இணைய நேரலையைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி, நம் கருவியில் இரண்டு மூன்று துண்டுகள் சேர்ந்த பிறகே ஓட்டுவார்கள். இணைப்பு அறுந்தால் படம் நிற்காமல் இருக்க அந்தச் சேமிப்பு. ஆக, 'நேரலை' என்று சிவப்புப் பட்டை போட்டுக் காட்டுவது அரை நிமிடம் பழைய காட்சியாகவும் இருக்கலாம். பெரியவர்களுக்கு இது ஒரு பொருட்டில்லை. குழந்தைக்கு அது பெரிய சிக்கல். அவள் கேட்டது தொழில்நுட்பக் கேள்வி அல்ல. சாமி எங்கே இருக்கிறார், எப்போது வருகிறார், நான் இருக்கும் இடத்துக்கும் அதற்கும் என்ன உறவு என்பதுதான் கேள்வி. ஒலிபரப்பு தொடங்கிய நாளிலிருந்து மதத் தலைவர்களும் இதையே வேறு சொற்களில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

உலகின் முதல் தேவாலய ஒலிபரப்பு என்று சொல்லப்படுவது 1921 ஜனவரி 2 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நடந்தது. கேடிகேஏ என்ற வானொலி நிலையம் கால்வரி எபிஸ்கோபல் தேவாலயத்தின் மாலை ஆராதனையை அப்படியே ஒலிபரப்பியது. கருவிகளோடு உள்ளே உட்கார வேண்டிய பொறியாளர்கள் இருவருக்கும் பாடகர் குழுவின் அங்கியை மாட்டிவிட்டார்களாம், சபையாரின் கவனம் சிதறக் கூடாது என்று. அவர்களில் ஒருவர் யூதர், இன்னொருவர் கத்தோலிக்கர். இரண்டு ஆண்டு கழித்து இங்கிலாந்தில் வேறு கவலை வந்தது. 1923 ஏப்ரலில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நடந்த அரச குடும்பத் திருமணத்தை ஒலிபரப்ப வானொலிக்காரர்கள் கேட்டபோது, தேவாலயத் தரப்பு மறுத்துவிட்டது. மரியாதையில்லாமல் கேட்பார்கள், மதுக்கடையில் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து கேட்பார்கள் என்பது காரணம்.

இன்று படித்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தக் குருமார்கள் ஒன்றைச் சரியாகப் பிடித்திருந்தார்கள். வழிபாட்டில் பாதி, உடம்பு செய்வது. செருப்பைக் கழற்றுவது, தலையை மூடுவது அல்லது திறப்பது, நிற்பது, மண்டியிடுவது, வரிசையில் நகர்வது. ஒலிபரப்பு காதுக்கும் கண்ணுக்கும் வரும். உடம்பு வீட்டில் சோபாவில் கிடக்கும். குழந்தைக்கோ உடம்புதான் முழுவதும்.

கோயிலுக்குப் போன நாலு வயதுக் குழந்தை எதை நினைவில் வைத்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். செருப்பு வைக்கும் இடத்தில் கொடுத்த வில்லை, கல் தரையின் சூடு, அப்பா தோள், எட்டி அடித்த மணி, யானை, தொன்னையில் பொங்கல், நெற்றியில் யாரோ அழுத்திப் பூசிய திருநீறு. கருவறைக்கு முன்னால் நின்றது பத்து விநாடி இருக்கும், அதுவும் ஒருவர் முதுகுக்குப் பின்னால். கோயிலில் குழந்தைக்குச் சாமியைத் தவிர எல்லாம் தெரியும். திரையில் சாமியைத் தவிர ஒன்றும் தெரியாது. இரண்டு மணி நேரம் அண்மைக் காட்சியில் அலங்காரம், பின்னணியில் வர்ணனையாளரின் செந்தமிழ். குழந்தை ஏழாவது நிமிடத்தில் சோபாவின் முதுகில் ஏறி நின்றால் அது பக்தியின் குறை அல்ல. அதன் உடம்புக்கு அங்கே வேலை எதுவும் கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

வேலை கொடுத்த ஒரு காலத்தை எனக்குத் தெரியும். 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை ஞாயிறு காலைகளில் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் 'ராமாயண்' 78 பகுதிகளாக ஓடியது. அப்பாவுக்கு அப்போது மதராசில் வேலை. எங்கள் வரிசை வீடுகளில் ஒரே ஒரு வீட்டில்தான் மரக் கதவு வைத்த தொலைக்காட்சிப் பெட்டி. ஒன்பதரைக்குள் குளித்துவிட்டு வரவேண்டும், இல்லாவிட்டால் அந்த வீட்டு மாமி உள்ளே விட மாட்டார். பெட்டிக்குச் சந்தனப் பொட்டு, மேலே கதம்பம். எங்களுக்குத் தரையில் பாய். பூச்சரம் நழுவி ராமர் முகத்தை மறைத்தால் எழுந்துபோய் ஒதுக்கிவிடுவது என் பொறுப்பு. ஐந்து வயதில் அதைவிடப் பெரிய பதவி எனக்குக் கிடைத்ததில்லை.

எல்லாமே இந்தி. ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியாது. புரியாததால்தான் அது நடந்தது என்று இப்போது தோன்றுகிறது. மாமி நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருப்பார். இது கைகேயி, இவள் இப்போது அழப்போகிறாள், பார், அது நிஜ அழுகையில்லை. இரண்டு அம்புகள் வானத்தில் மெதுவாக மிதந்து வந்து முட்டிக்கொள்ளும்போது மட்டும் அவரும் பேசமாட்டார். இந்தியா முழுக்க வீடுகளில் பெட்டிக்கு மாலை போட்டதையும் ஊதுவத்தி ஏற்றியதையும் அன்றைய பத்திரிகைகள் வேடிக்கையாகவும் வியப்பாகவும் எழுதின. மூடநம்பிக்கை என்று சொன்னவர்களும் உண்டு. குழந்தையின் உயரத்திலிருந்து பார்த்தால் அது வேறு. ஒரு பொருளை எப்படி மரியாதையாக நடத்துவது என்பதை, பேச்சால் அல்லாமல் கையால் கற்றுக்கொள்ளும் இடம் அது. அந்தத் தொடரையே 2020 மார்ச் 28 முதல் ஊரடங்கில் மறுபடி ஒளிபரப்பினார்கள். ஆளுக்கொரு கைப்பேசி இருக்கும் வீட்டில், ஒரு பகுதியைப் பாதிக்கு மேல் நாங்கள் பார்க்கவில்லை.

திரையில் பார்ப்பது வழிபாடாகுமா என்ற கேள்விக்கு எல்லா மதங்களும் ஒரே பதிலைச் சொல்வதில்லை. அந்தப் பதிலைப் பொறுத்தே வீட்டில் குழந்தை என்ன செய்கிறது என்பதும் மாறுகிறது.

நம் கோயில் வழக்கத்தில் காண்பதே பெரும் பேறு. தரிசனம் என்ற சொல்லே பார்வைதான். அதனால் தொலைக்காட்சி வந்தபோது இந்து வீடுகளுக்குப் பெரிய தத்துவச் சிக்கல் எதுவும் எழவில்லை. ஸ்ரீரங்கத்தில் விடியுமுன் பரமபத வாசல் திறப்பதையும், அழகர் வைகையில் இறங்குவதையும் பார்த்தால் போதும் என்று நினைப்பவர்கள் ஏராளம். ஆனால் 'போதும்' என்பதோடு அவர்களும் நிற்பதில்லை. மதுரை மீனாட்சி திருக்கல்யாணத்தின்போது, சொக்கநாதர் சார்பில் மங்கல நாண் பூட்டும் அதே நிமிடத்தில், வீட்டில் திரைக்கு முன் உட்கார்ந்திருக்கும் பெண்களும் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்கிறார்கள். 2020 மே 4 அன்று பக்தர்களே இல்லாமல் அந்தக் கல்யாணம் நடந்தபோது கயிறு மாற்றியது முழுக்க வீடுகளில்தான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

கத்தோலிக்கத்தில் கதை வேறு. அசிசி நகரத்துப் புனித கிளாரா என்ற துறவி, படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு கிறிஸ்துமஸ் இரவில், போக முடியாத ஆலயத்தின் வழிபாட்டைத் தன் அறையிலிருந்தே கண்டதாகவும் கேட்டதாகவும் மரபு. இறந்தது 1253இல். ஏழு நூற்றாண்டு கழித்து, 1958இல், போப் பன்னிரண்டாம் பயஸ் அவரைத் தொலைக்காட்சிக்குப் பாதுகாவலராக அறிவித்தார். இந்தத் தேர்விலேயே திருச்சபையின் நிலை இருக்கிறது. நோயாளிக்கு, நகர முடியாதவர்களுக்குத் திரை ஒரு கருணை. நடமாடக்கூடியவர்களுக்கு அதனால் ஞாயிறு கடன் தீராது. நற்கருணை, அதாவது திருப்பலியில் கையில் வாங்கும் அப்பம், கம்பி வழியாக வராது. 2020 மார்ச் 27 மாலை, மழையில் நனைந்த ஆளில்லாத புனித பேதுரு சதுக்கத்தில் போப் பிரான்சிஸ் தனியாக நடந்து வந்ததை உலகமே பார்த்தது. அந்த மாதங்களில் ஞாயிறு திருப்பலியை வீட்டில் கணினியில் பார்த்த நண்பர் ஒருவர் சொன்னார்: கோயிலில் நன்மை (நற்கருணை) வாங்கும் வரிசையில் அவருடைய ஆறு வயது மகனும் கூடவே போவான். முதல் நன்மை வாங்காத வயது என்பதால் சாமியார் அவன் நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்புவார். திரைக்கு முன்னால் மூன்றாவது ஞாயிறு அவன் எழுந்து நின்று நெற்றியைக் காட்டிக்கொண்டு காத்திருந்தான். மடிக்கணினியிலிருந்து யாரும் வரவில்லை. அவன் பாட்டிதான் எழுந்து வந்து கட்டைவிரலால் வரைந்தார். பிறகு அது அந்த வீட்டு வழக்கமாயிற்று. கோயில் திறந்த பிறகும் ஞாயிறு இரவில் பாட்டி வரைந்தால்தான் தூங்குவானாம்.

இஸ்லாத்தில் கோடு இன்னும் தெளிவு. தொலைக்காட்சியில் தெரியும் இமாமைப் பின்பற்றித் தொழுதால் அந்த ஜமாஅத் (கூட்டுத் தொழுகை) செல்லாது என்பதே பெரும்பாலான உலமாக்களின், அதாவது மார்க்க அறிஞர்களின், கருத்து. இமாமும் பின்னால் நிற்பவர்களும் ஓர் இடத்தில், வரிசை தொடர்ந்து இருக்க வேண்டும். மக்காவின் ஹரம் பள்ளிவாசல் காட்சி இரவு பகலாக ஒளிபரப்பாகிறது. அதைப் பார்க்கலாம், ஓதலைக் கேட்கலாம், கண் கலங்கலாம். அதன் பின்னால் நிற்க முடியாது. மேலோட்டமாகப் பார்த்தால் திரைக்கு எதிரான கண்டிப்பு இது. ஆனால் 2020 ரமலானில் பள்ளிவாசல்கள் மூடியிருந்தபோது இந்தக் கண்டிப்புதான் குழந்தைகளுக்கு நல்லதாய் முடிந்தது. திரைக்குப் பின்னால் நிற்க முடியாது என்பதால் வீட்டுக்குள்ளேயே ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் நடந்தது. தெரிந்த குடும்பம் ஒன்றில் அத்தா முன்னால், பையன்கள் பின்னால், பெண்கள் அதற்கும் பின்னால். ஐந்து வயதுக்காரனுக்கு முசல்லா என்ற தொழுகை விரிப்பை விரிக்கும் பொறுப்பு. நாலு ரக்அத் (தொழுகைச் சுற்று) தாண்டினால் விரித்ததன் மேலேயே தூங்கிவிடுவான். யாரும் எழுப்பவில்லை. தொலைக்காட்சி அந்த நேரத்தில் அணைந்திருந்தது.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சிறு குழந்தையைப் பொறுத்தவரை ஒளிபரப்பு தன்னளவில் சிறு விஷயம் என்றே எனக்குப் படுகிறது. அதைச் சுற்றி வீடு என்ன செய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உளவியலிலிருந்து ஒரு சின்னச் சோதனையைச் சொல்ல வேண்டும். 1990இல் வெளியான ஆய்வு, ஸ்டான்ஃபோர்டின் ஜான் ஃப்ளாவெல் குழு செய்தது. தொலைக்காட்சியில் ஒரு கிண்ணம் நிறையப் பாப்கார்னைக் காட்டி, பெட்டியின் மேல்பக்கத்தைத் திறந்து தலைகீழாகக் கவிழ்த்தால் பாப்கார்ன் வெளியே கொட்டுமா என்று குழந்தைகளிடம் கேட்டார்கள். மூன்று வயதுக்காரர்களில் பலர் கொட்டும் என்றார்கள். நாலு வயதில் பெரும்பாலும் தெளிந்துவிடுகிறது. இதோடு இன்னொன்று: இரண்டு, இரண்டரை வயதுக்குக் கீழே, நேரில் ஒருவர் செய்து காட்டுவதிலிருந்து கற்கும் அளவுக்குத் திரையிலிருந்து குழந்தைகள் கற்பதில்லை என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. கூட ஒருவர் உட்கார்ந்து பேசிக்கொடுத்தால் இடைவெளி குறைகிறது.

இப்போது என் அம்மாவைப் பாருங்கள். திரையில் தீபாராதனை காட்டும்போது இரண்டு கையையும் நீட்டி, திரையின் வெளிச்சத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். "நீயும் ஒத்திக்கோட்டி" என்று பேத்தியின் கையையும் இழுத்து நீட்டிவிடுகிறார். பாப்கார்ன் கொட்டாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மின்சாரக் கட்டணம் கட்டுகிறவர் அவர். மூன்று வயதில் தெரியாமல் செய்வதை எழுபது வயதில் தெரிந்தே செய்கிறார். நடுவில் இருக்கும் நான்தான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். குழந்தைக்கு இங்கே கிடைப்பது திரையைப் பற்றிய பாடமில்லை, கையைப் பற்றியது. கோயிலுக்கு நேரில் போன அன்று, பூசகர் தட்டை நீட்டியதும் அவள் கை தானாக நீண்டது.

நேரக் கணக்கையும் ஒதுக்கிவிட முடியாது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டுதலின்படி இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைய இருந்தால் இன்னும் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021இல் சொன்னதும் ஏறத்தாழ இதுதான்: இரண்டு வயதுவரை வேண்டாம், ஐந்துவரை ஒரு மணி நேரம், அதுவும் பெரியவர் கூட இருந்து. சாமி நிகழ்ச்சி என்றால் கண்ணுக்கும் மூளைக்கும் தனிச் சலுகை இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் தீபமோ சூரசம்ஹாரமோ பார்ப்பதால் எதுவும் ஆகிவிடாது. எனக்குப் பயம் காலை ஐந்தரைக்குப் போட்டு இரவு அணைக்கும் பக்தி சேனல்மேல்தான். யாரும் பார்ப்பதில்லை, அணைத்தால் மட்டும் "ஏன் அணைச்ச?" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். 2008இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகள் பொம்மைகளோடு விளையாடும் அறையில் பெரியவர்களுக்கான விநாடி வினா நிகழ்ச்சியை ஓடவிட்டார்கள். குழந்தைகள் அதை ஏறெடுத்துப் பார்த்தது சில விநாடிகள்தான். இருந்தும் விளையாட்டு துண்டு துண்டானது, ஒரு பொம்மையோடு தொடர்ந்து இருக்கும் நேரம் குறைந்தது. சுப்ரபாதமானாலும் செபமாலையானாலும் பேச்சும் படமும் மாறிக்கொண்டே இருக்கும் பெட்டி அதைத்தான் செய்யும். கேட்க வேண்டுமென்றால் வானொலியோ ஒலிநாடாவோ மேல் என்று சொன்னால் எங்கள் வீட்டில் எடுபடவில்லை. இப்போதைக்கு காலை ஏழு மணிக்கு அணைப்பது என்று உடன்பாடு.

சூரசம்ஹாரம் தனிக் கதை. எங்களுக்குத் தூத்துக்குடிப் பக்கம் என்பதால் ஐப்பசி சஷ்டியில் ஆறு நாளும் அம்மாவுக்கு விரதம். ஆறாம் நாள் மாலை திருச்செந்தூர்க் கடற்கரையிலிருந்து நேரலை. முருகனின் உற்சவர் ஜெயந்திநாதர் வேலோடு வருகிறார். முதலில் யானைமுகன் எதிரே வந்து சுற்றிவிட்டு வீழ்கிறான். தலையைக் கழற்றுகிறார்கள். அடுத்து சிங்கமுகன். அடுத்து சூரபத்மன் தன் தலையோடு. கடைசியில் மாமரமாகவும் சேவலாகவும். மூன்று வயதில் முதல்முறை பார்த்தபோது தலை கழன்றதும் என் மகள் அழுதாள். சூரன்மேல் இரக்கம் என்று நினைத்தேன். கேட்டால், "அந்த யானை பாவம்" என்றாள். அவளுக்கு யானை என்றால் கோயில் யானைதான்.

வர்ணனையாளர் அப்போது ஆணவம், கன்மம், மாயை என்று மும்மலத்தை விளக்கிக்கொண்டிருந்தார். அழகான தமிழ். அவளுக்கு அது 1987இன் இந்தி. அம்மா வழக்கம்போலத் தமிழைத் தமிழில் மொழிபெயர்த்தார். அது யானையில்லை, யானை மாதிரி முகமூடி போட்ட கெட்டவன். முகமூடியைத்தான் கழற்றுகிறார்கள். கடைசியில் சூரனையும் முருகன் கொல்லவில்லை, மயிலாகவும் சேவலாகவும் மாற்றித் தன்னோடு வைத்துக்கொண்டார். "இப்பவும் கூடவே இருக்கானா?" "பின்ன? அவன் மேலதான ஏறிப் போறார்." அழுகை நின்றது. கந்தபுராணத்தை இதைவிடச் சுருக்கி நான் கேட்டதில்லை. சரியாக அந்த இடத்தில், மரம் பிளக்கப் போகும் நேரத்தில், அந்தச் சேனலில் ஒரு சமையல் எண்ணெய் விளம்பரம் வந்தது. "சாமி போயிட்டாரா?" என்றாள். கூட்ட நெரிசலில் மிதிபட்டாலும் கடற்கரையில் நின்றால் இந்தக் கேள்வி வராது.

நேரலையை நான் குறைசொல்ல மாட்டேன். பதிவைச் சொல்வேன். மறுநாள் சாதம் ஊட்டும்போது அவள் "சூரன் போடு" என்றாள். கைப்பேசியில் போட்டுக்கொடுத்தது நான்தான். ஒரு வாரம் தினமும் இரண்டு வேளை சூரன் செத்தான், ஒவ்வொரு முறையும் நாலு கவளம் கூடுதலாக இறங்கியது. எட்டாம் நாள், பதிவு முடிந்து தானாக அடுத்தது ஓடத் தொடங்கி, ரத்தம் தெறிக்கும் ஏதோ பொம்மைப் படத்தில் போய் நின்றிருந்தது. நான் சாம்பார் எடுக்கப் போயிருந்தேன். அன்றோடு நிறுத்தினோம். ஆண்டுக்கு ஒருமுறை வருவதற்காகப் பட்டினி கிடந்து காத்திருப்பவரும், அதையே நாளுக்கு இருமுறை பார்த்துச் சாப்பிடும் பேத்தியும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்பதை அம்மா சொல்லிக்காட்டவில்லை. சொல்லாமல் இருந்தது உறைத்தது.

காத்திருப்பை உண்டாக்குவதில் தேர்ந்தவர்கள் என்று நான் நினைப்பது அமெரிக்காவின் மார்மன் குடும்பங்களை. அவர்களுடைய பிற்காலப் புனிதர்கள் சபை ஏப்ரலிலும் அக்டோபரிலும் சால்ட் லேக் சிட்டியில் பொது மாநாடு நடத்துகிறது. ஒரு வார இறுதியில் நாலைந்து அமர்வு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். கோட்டும் டையும் போட்டவர்கள் மேடையில் ஒருவர் பின் ஒருவராகப் பேசுவார்கள். இடையில் பாடகர் குழு. நமக்கே தூக்கம் வரும். 1924 முதல் வானொலியில் வந்தது. இப்போது உலகெங்கும் வீட்டிலிருந்தே பார்க்கிறார்கள், இடுப்பில் குழந்தைகளோடு. வேறு வழியில்லாமல் அந்தத் தாய்மார்கள் கண்டுபிடித்தவை பல. கிண்ணம் கிண்ணமாக மிட்டாய் வைத்து ஒவ்வொன்றிலும் 'ஜெபம்', 'ஆலயம்' என்று ஒரு சொல்லை எழுதி ஒட்டுகிறார்கள். பேச்சில் அந்தச் சொல் வந்தால் அந்தக் கிண்ணத்திலிருந்து ஒன்று எடுக்கலாம். பேசுபவரின் டைக்கு வண்ணம் தீட்டப் படத்தாள். வரவேற்பறையில் போர்வையால் கூடாரம். இதற்கு அவர்கள் வேதநூலில் ஆதாரமும் உண்டு: அரசன் ஒருவனின் உரையைக் கேட்க மக்கள் தங்கள் கூடாரங்களை ஆலயத்தை நோக்கித் திறந்தபடி அடித்ததாக வருகிறது. அந்தக் காலைக்கென்றே சுடும் இலவங்கப்பட்டை ரொட்டி வேறு.

மிட்டாய்க்காகச் சொல்லைப் பொறுக்குவது கேட்பது ஆகுமா என்று கேட்கலாம். ஆகாது. ஆனால் சுண்டலுக்காகக் கொலுவுக்குப் போன நாம் அதைக் கேட்கக் கூடாது.

நம் புலம்பெயர்ந்த வீடுகளில் இன்னொரு சிக்கல், கடிகாரம். யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழா 25 நாள், 24ஆம் நாள் தேர். காலை ஏழு மணிக்குச் சண்முகர் தேருக்கு வருகிறார் என்றால் டொராண்டோவில் முதல் நாள் இரவு ஒன்பதரை, லண்டனில் விடியப்புறம் இரண்டரை. நல்லூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். டொராண்டோவில் பிள்ளை இரவு உடையில், போர்வைக்குள், தூக்கம் சொக்கும் கண்ணோடு. அம்மம்மா வாட்ஸாப்பில் இன்னொரு பக்கம். "அந்தச் சிவப்புக் குடைக்குக் கிட்ட நிக்கிறன், தெரியுதே அப்பு?" தெரியாது. ஆயிரம் தலை. ஆனாலும் பிள்ளை திரையில் விரலை வைத்துத் தேடுகிறது. தேர் அதன் பிறகுதான் அதற்குக் கண்ணில் படுகிறது. அங்குள்ள நண்பர் ஒருவர் இதைச் சொன்னபோது, என் மகள் கீழ்வீட்டைக் காட்டிக் கேட்டது நினைவுக்கு வந்தது. சாமி இருக்கும் இடத்தில் நம்மவர் ஒருவர் இருந்தால் அந்த இடம் குழந்தைக்கு இடமாகிவிடுகிறது.

திருச்செந்தூரில் சம்ஹாரம் முடிந்து, கூட்டம் கடலில் முழுகப் போன பிறகு, கோயிலுக்குள் ஒரு சடங்கு நடக்கும். சாயாபிஷேகம். ஜெயந்திநாதருக்கு முன்னால் ஒரு கண்ணாடியை வைத்து, அதில் தெரியும் அவருடைய பிம்பத்துக்கு அபிஷேகம் செய்வார்கள். சாயா என்றால் நிழல். போன சஷ்டிக்கு அம்மா குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்து இதைச் சொன்னார். மகள் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடிக்குள்ள இருக்கற சாமிக்கா பால் ஊத்துவாங்க?"

"ஆமா."

"நம்ம டிவிக்கு ஊத்தலாமா?"

"ஊத்துனா உங்கப்பன் அடிப்பான்" என்றார் அம்மா. பிறகு, விளம்பரம் முடியட்டும் என்று ஒலியைக் குறைத்துவிட்டு, ஒரு தம்ளரில் பாலை எடுத்துக்கொண்டு அவளைப் பூஜை அலமாரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.